எக்ஸ்போஷர்: 'வெளிப்பாடு' அன்று, ஒளிபடல்

"ஓரியன் நெபுலா, வெளிப்பாடு 2 மணி நேரம்" என்று, விண்மீன்களிடையே ஒளிரும் அந்த வாயுமுகிலின் படத்தின் கீழே குறிப்பு இருக்கும். விண்படம் எடுக்கப் புதிதாக முனைபவருக்கு இதிலிருந்து என்ன விளங்கும்? ஷட்டரை 2 மணி நேரம் திறந்தே வைக்கவேண்டும் என்றுதான். உண்மையில் அது 60 விநாடிப் படங்கள் 120 எடுத்து, மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது.

இந்த 'வெளிப்பாடு' ஆங்கில எக்ஸ்போஷரின் மொழிபெயர்ப்பு. எக்ஸ்போஷரின் வேர் இலத்தீன்: 'எக்ஸ்' வெளியே, 'போனெரே' வைத்தல். மூடிவைத்த ஒளியுணர் தகட்டைத் திறந்து ஒளியின்முன் வைப்பதே ஒளிப்படக் கலையில் அதன் பொருள்.

வெளிப்பாடு என்பது இதற்கு நேரெதிர். உள்ளே இருப்பது வெளியே வருவதைத்தான் தமிழில் வெளிப்படுதல் என்கிறோம்: அன்பின் வெளிப்பாடு, சினத்தின் வெளிப்பாடு. கேமராவிலோ ஒளி உள்ளே போகிறது. இதைச் சரிசெய்வதாக நினைத்து 'ஒளி வெளிப்பாடு' என்று நீட்டுவது இன்னும் மோசம். ஒளியை வெளிப்படுத்துவது ஓரியன் நெபுலா. அதன் ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரில் சிவப்பாக ஒளிர்கிறது. கேமரா அதை வாங்கிக்கொள்கிறது. கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் ஒரே சொல்லா? மருத்துவக் கட்டுரைகளிலும் இதே கேடுதான். 'நச்சுப்புகை வெளிப்பாடு' என்றால் ஆலை புகை கக்குகிறதா, தொழிலாளி அதைச் சுவாசிக்கிறாரா? அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போகும் மொழிபெயர்ப்பாளருக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை.

தமிழில் வழி இல்லாமலில்லை. வெயில் படுகிறது, காற்றுப் படுகிறது, கண் படுகிறது என்கிறோம். அதே போக்கில் ஒளிபடல். ஒளி கூடினால் மிகை ஒளிபடல், குறைந்தால் குறை ஒளிபடல். ஏற்கெனவே நிலைத்துவிட்ட 'ஒளிப்படம்' என்ற சொல்லோடும் உறவாக நிற்கிறது.

ஆனால் ஒரு சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. எக்ஸ்போஷர் இன்று மூன்று வேலை செய்கிறது: விழுந்த ஒளியின் அளவு, ஷட்டர் திறந்திருந்த நேரம், எடுத்த ஒரு படம். 1880இல் அமெரிக்க வானியலர் ஹென்றி டிரேப்பர் ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் படமெடுத்தது ஒரே தகட்டில், ஏறத்தாழ 50 நிமிடம். அன்று மூன்றும் ஒன்றே. இன்று பிரித்துச் சொல்லியே ஆகவேண்டும்: ஒளிபடல், திறப்பு நேரம், படம்.

பிரிக்காவிட்டால் என்ன ஆகும்? 'வெளிப்பாட்டைக் கூட்டுங்கள்' என்ற அறிவுரையை நம்பி, அசையாத முக்காலியில் 50 மி.மீ. லென்ஸோடு 30 விநாடி வைப்பார்கள். விண்மீன்கள் கோடாகிவிடும். ஓரியன் வான நடுக்கோட்டருகே இருப்பதால் விநாடிக்கு ஏறத்தாழ 15 விகலை (ஒரு விகலை, பாகையில் 3600இல் ஒரு பங்கு) நகர்கிறது. கோடாகாமல் எத்தனை விநாடி வைக்கலாம் என்பதற்கு, 500ஐ லென்ஸின் குவியத்தூரத்தால் (இங்கே 50 மி.மீ.) வகுப்பது பழைய கணக்கு: ஒளியைப் பதியும் சென்சார் முழுச்சட்ட அளவானால் 10 விநாடி, அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி அளவானால் மேலும் 1.5ஆல் வகுத்து 6.7. பிக்சல் சிறிதான இன்றைய கேமராக்களில் 4 விநாடியே நல்லது. அவர் கூட்டவேண்டியது திறப்பு நேரத்தை அன்று, படங்களின் எண்ணிக்கையை. நான்கு மடங்கு படங்களை அடுக்கிச் சராசரி எடுத்தால், படத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் இரைச்சல் பாதியாகும். வானைப் பின்தொடரும் தாங்கி இருந்தால் திறப்பு நேரத்தையும் கூட்டலாம். அப்போது நெபுலாவின் நடுப்பகுதி மிகை ஒளிபடலால் வெளுத்துப்போகும். அதற்கென்று 5 விநாடிப் படங்கள் சில தனியே எடுத்து இணைக்கவேண்டும்.

இருட்படத்தில் இந்தப் பாகுபாடு பளிச்சென்று தெரியும். லென்ஸை மூடியால் மூடி, வான்படத்துக்கு வைத்த அதே ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன் அளவு), அதே 60 விநாடி, கூடியவரை அதே வெப்பநிலையில் எடுப்பது அது. சென்சாரின் சூட்டால் எழும் புள்ளிகளை மட்டும் பதிவுசெய்து, பிறகு வான்படத்திலிருந்து கழிக்க. அங்கே ஒளிபடல் சுழி. திறப்பு நேரம் 60 விநாடி. இதைப்போய் '60 விநாடி வெளிப்பாடு' என்று எழுதினால், இருட்டில் எது வெளிப்பட்டது?