பயோபேங்க்: உயிரி வங்கியா, உயிர்மாதிரிக் காப்பகமா?

ரத்தம், திசு, சிறுநீர், டி.என்.ஏ. போன்ற மனித மாதிரிகளை, கொடுத்தவரின் உடல்நலத் தகவல்களோடு இணைத்து ஆராய்ச்சிக்காகச் சேமித்து வைக்கும் அமைப்பே பயோபேங்க். அந்த இணைப்பு அறுந்துவிட்டால், மைனஸ் 80 டிகிரியில் எவ்வளவு பத்திரமாக இருந்தாலும் குப்பிக்குள் இருப்பது வெறும் உறைந்த ரத்தம்தான்.

கிரேக்கத்தில் 'பயோஸ்' என்றால் வாழ்வு. 'பேங்க்' இத்தாலியின் 'பாங்கோ'விலிருந்து வந்தது. நாணயம் மாற்றுவோர் அமர்ந்த பலகை அது. இரண்டும் ஒட்டிய சொல் 1990களில்தான் மருத்துவ இதழ்களில் தலைகாட்டியது.

'உயிரி வங்கி' என்ற தமிழாக்கத்தில் இரண்டு பாதியும் இடறுகின்றன. உயிரி என்றால் நுண்ணுயிரிபோல உயிருள்ள ஒன்று. இங்கே இருப்பது மாதிரி. வங்கி என்றால் போட்டவர் கேட்டதும் எடுக்கலாம். இங்கே கொடுத்தவர் திரும்பப் பெறக்கூடியது பெரும்பாலும் தம் ஒப்புதலை மட்டுமே. நிறுவனமும் உரிமையாளர் அல்ல, பொறுப்பாளர். 'உயிர்மாதிரிக் காப்பகம்' என்பதே பொருந்தும்.

ஓர் ஆய்வுக்குக் கொடுத்த மாதிரியை வேறோர் ஆய்வுக்கும் எடுப்பதை 'மறுபயன்பாடு' என்பது இன்னும் மோசம். கழுவி மீண்டும் நிரப்பும் பாட்டிலுக்கு அது சரி. மாதிரி விஷயத்தில் மாறுவது நோக்கம். ஆகவே 'பிறநோக்குப் பயன்பாடு'. அமெரிக்காவின் ஹவாசுபாய் பழங்குடியினர் 1990களில் நீரிழிவு ஆய்வு என்று நம்பி ரத்தம் கொடுத்தார்கள். அதை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனச்சிதைவு, முன்னோர் இடப்பெயர்வு ஆய்வுகளுக்கும் எடுத்துக்கொண்டார்கள். படிவத்தின் வாசகம் அகலமாக இருந்தது. வாய்மொழியாகப் புரிந்துகொண்டதோ நீரிழிவு மட்டும். 2010இல் 7 லட்சம் டாலர் இழப்பீட்டுடன் வழக்கு முடிந்தது, மாதிரிகளும் திரும்பின.

இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை 'பரந்த ஒப்புதல்'. எந்த ஆய்வு என்று இன்று சொல்ல முடியாவிட்டாலும், யார் அனுமதிப்பார்கள், வணிகப் பயன் உண்டா, வெளிநாட்டுக்குப் போகுமா, தற்செயலாக நோய் தெரிந்தால் சொல்வார்களா என்பதைச் சொல்லிவிட்டுப் பெறுவது. உலக மருத்துவச் சங்கத்தின் தைபே பிரகடனம் (2002, திருத்தம் 2016) கேட்பதும் ஏறக்குறைய இதையே. எதுவும் சொல்லாமல் வாங்கும் கையெழுத்தைப் 'பரந்த' என்று அழைப்பது சொல்லுக்கே அநியாயம்.

புதிய ஆய்வுக்கு மாதிரி கேட்டு விண்ணப்பம் வந்தால், ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதிக்கும் நெறிமுறைக் குழு முதலில் புரட்ட வேண்டியது, கொடுத்தவர் கையெழுத்திட்ட அதே பதிப்புப் படிவத்தை. சறுக்கல் பெரும்பாலும் இங்கேதான்: படிவம் மூன்று முறை மாறியிருக்கும், குப்பியின் பதிவில் பதிப்பு எண் இருக்காது. அடுத்தது அளவு. அரை மில்லிலிட்டர் சீரத்தை (ரத்தம் கட்டியபின் பிரியும் தெளிந்த நீர்) ஓர் ஆய்வு தீர்த்துவிட்டால் அடுத்த ஆய்வுக்கு எதுவும் மிஞ்சாது. பாதியை எடுத்து மீதியை உறையவைக்கலாம் என்றால், உருக்கி உறையவைக்கும் ஒவ்வொரு முறையும் தரம் குறையும். மாதிரி வெளியே போனால் பரிமாற்ற ஒப்பந்தத்தில் மிச்சத்தை அழிப்பதா, திருப்புவதா என்பதும் வேண்டும்.

கடைசியாக ஒரு சொல்மயக்கம். பெயருக்குப் பதில் குறியீடு இட்டு, எந்தக் குறியீடு யாருடையது என்று காட்டும் திறவுகோலைத் தனியே பூட்டி வைத்தால் அது 'அடையாளம் மறைத்த' மாதிரி. ஒப்புதலை விலக்கினால் தேடி எடுத்துவிடலாம். திறவுகோலையே அழித்தால் 'அடையாளம் நீக்கிய' மாதிரி. விலக விரும்புபவரின் குப்பியைக் கண்டுபிடிக்க வழியில்லை, ஆபத்தான நோய் தெரிந்தாலும் அவரிடம் சொல்ல முடியாது. முழு மரபணு வரிசை எடுத்த மாதிரிக்கு 'நீக்கிய' என்று எழுதாதீர்கள். வேறொரு தரவுத்தளத்தோடு ஒப்பிட்டால் அந்த வரிசையே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.