ஹார்லெம் தேவாலயத்தில் தூண்கள் ஏன் சாய்கின்றன?

நெதர்லாந்தின் ஹார்லெம் நகரத்தில் இருக்கும் சின்ட் பாவோ பெரிய தேவாலயத்தை நண்பருடன் போய்ப் படமெடுத்த வாசகர் ஒருவர் இரண்டு படங்களை அனுப்பியிருக்கிறார். இரண்டும் ஒரே இடத்தில் நின்று, ஒரே 24 மி.மீ. குவியத்தூரத்தில் (லென்ஸின் பார்வை எவ்வளவு அகலம் என்பதைத் தீர்மானிக்கும் அளவு) எடுத்தவை. அவர் படத்தில் தூண்கள் மேலே போகப்போக ஒன்றை நோக்கி ஒன்று சாய்கின்றன. நண்பரின் படத்தில் செங்குத்தாக நிற்கின்றன. "என் லென்ஸ் தரக்குறைவானதா?" என்பது அவர் கேள்வி.

இல்லை. விலை அதிகமான லென்ஸ் வாங்கினால் இந்தச் சாய்வு போய்விடும் என்ற நம்பிக்கை புகைப்படக்காரர்களிடையே பரவலாக இருக்கிறது. அது வெறும் மூடநம்பிக்கை. குறையே இல்லாத லென்ஸிலும் இந்தச் சாய்வு அப்படியே வரும். காரணம் கேமரா அண்ணாந்து பார்த்தது.

தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரியும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் கேமரா அளக்கும் தூரம் வேறு. லென்ஸிலிருந்து பொருளுக்கு நேர்கோட்டில் எவ்வளவு என்பது அதற்குப் பொருட்டில்லை. சென்சார் (படத்தைப் பதியும் தகடு) தளத்துக்குச் செங்குத்தான திசையில் பொருள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதுதான் படத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. இந்த வேறுபாட்டில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

எட்டு மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு தூண்களை 20 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். கேமரா மட்டமாக இருந்தால் சென்சாரும் தூண்களும் இணை. தூணின் அடியும் நுனியும் ஒரே 20 மீட்டர் ஆழத்தில் இருக்கின்றன. நுனி நம்மைவிட்டு உண்மையில் அதிகத் தொலைவில் இருந்தாலும் கணக்கு மாறாது. தூண்களின் இடைவெளி சென்சாரில் அடியிலும் 9.6 மி.மீ., உச்சியிலும் 9.6 மி.மீ. (இடைவெளி 8 × குவியத்தூரம் 24 ÷ ஆழம் 20). இப்போது கேமராவை 20 டிகிரி அண்ணாத்துங்கள். லென்ஸிலிருந்து 20 மீட்டர் மேலே இருக்கும் நுனியின் ஆழம் சுமார் 25.6 மீட்டராகிவிடுகிறது, அடியின் ஆழம் 18.3 மீட்டராகக் குறைகிறது. ஆகவே மேலே 7.5 மி.மீ., கீழே 10.5 மி.மீ. தூண்கள் சாய்ந்துவிட்டன. லென்ஸ் தன் கணக்கைப் பிசகாமல் செய்திருக்கிறது.

சரி, மட்டமாகவே வைத்தால்? படத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தரை. மேலே வளைகூரை வெட்டுப்படும். இங்கேதான் நண்பர் பயன்படுத்திய ஷிப்ட் லென்ஸ், அதாவது சென்சாரை அசைக்காமல் தான் மட்டும் நகரக்கூடிய லென்ஸ், வேலை செய்கிறது.

சாதாரண லென்ஸ் உள்ளே விழுத்தும் வட்ட ஒளி, சென்சாரின் மூலைகளை மூடும் அளவுக்குத்தான் இருக்கும். 36 × 24 மி.மீ. சென்சாருக்கு 43.3 மி.மீ. விட்டம் போதும். கேனனின் 24 மி.மீ. ஷிப்ட் லென்ஸ் (இரண்டாம் பதிப்பு) 67.2 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தை விழுத்துகிறது. அந்தப் பெரிய வட்டத்தில் எந்தப் பகுதியை எடுப்பது என்பதை ஒரு திருகு முடிவுசெய்கிறது. சென்சார் செங்குத்தாகவே நிற்க, லென்ஸ் மட்டும் 12 மி.மீ. வரை மேலே நகர்கிறது. கேமராவை நெடுக்காக வைத்தால் அடிவான மட்டத்துக்கு மேலே 18 மி.மீ. இருந்தது 30 ஆகிறது. கீழே 6 மி.மீ. மிஞ்சுகிறது. மேல்நோக்கிய பார்வை 37 டிகிரியிலிருந்து 51 டிகிரிக்கு ஏறுகிறது. 30 மீட்டர் உயரமுள்ள ஒன்றை முழுதாக அடக்கச் சாதாரண 24 மி.மீ. லென்ஸோடு 38 மீட்டர் பின்வாங்க வேண்டும். இதில் 23 மீட்டர் போதும். கிறிஸ்தியான் முல்லர் 1738-இல் கட்டி முடித்த பிரம்மாண்டமான ஆர்கனுக்கு (குழல்களால் ஆன இசைக்கருவி) முன்னால் நிற்கும்போது இந்த 15 மீட்டரின் அருமை புரியும்.

இதே விதியை இதே கட்டடத்தில், கேமரா பிறப்பதற்கு முன்பே கையால் செய்தவர் ஒருவர் உண்டு. ஓவியர் பீட்டர் சான்ரெடாம் (1597–1665) சின்ட் பாவோவின் உட்புறத்தைப் பலமுறை வரைந்தார், புதைக்கப்பட்டதும் இங்கேதான். முதலில் நேரில் கோட்டோவியம். பிறகு அளவுகளைக் கொண்டு, கண் இருக்கும் புள்ளியைக் குறித்து, தனிக் கட்டுமானப் படம். அதன் பிறகே ஓவியம். அவருடைய கண்புள்ளி பல ஓவியங்களில் நடுவில் இருக்காது, கீழே இருக்கும். தூண்களோ சாயாது. படத்தளத்தை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சட்டத்தை மட்டும் மேலே நகர்த்தியிருக்கிறார். அதுதான் ஷிப்ட்! அசன்டெல்ஃப்ட் தேவாலயத்தை அவர் வரைந்த 1649 ஓவியம் ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. அந்த அருங்காட்சியகம் தன் படங்களை உயர்ந்த தரத்தில் இலவசமாகத் தருகிறது. இறக்கி, தூண்கள்மேல் அளவுகோல் வைத்துப் பாருங்கள். பொதுப்பணத்தில் நடக்கும் எல்லா அருங்காட்சியகங்களும் இப்படித் திறந்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி நடைமுறை. முக்காலிக்கு முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். முதலில் மட்டம்: ஒரு டிகிரி பிசகினாலும், மேலே சொன்ன தூண்களின் இடைவெளியில் 45 மெகாபிக்சல் கேமராவில் அடிக்கும் நுனிக்கும் 40 பிக்சல் வித்தியாசம் வரும். முக்காலியின் குமிழி மட்டத்தை நம்பாமல் கேமராவின் மின்னணு மட்டத்தையும் கட்டக்கோடுகளையும் பாருங்கள். துணைக்கு வந்தவர் இங்கே பெரிய பலம். அவர் டேப் பிடித்து இருபுறத் தூண்களிலிருந்தும் சம தூரம் பார்த்தால் முக்காலி நடுக்கோட்டில் அமரும். படமெடுக்கும்போது அவரும் அசையாமல் நிற்க வேண்டும். தரை முழுக்கக் கல்லறைப் பலகைகள், சில காலடியில் ஆடக்கூடும்.

கண்ணாடி உள்ள பழைய எஸ்.எல்.ஆர். கேமராக்களில் ஷிப்ட் செய்தபின் ஒளியளவு தவறாகக் காட்டும். அதனால் முன்பே அளந்து கையால் நிலைநிறுத்துங்கள். டில்ட் திருகு (லென்ஸைச் சாய்க்கும் திருகு) பூஜ்யத்தில் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள், கைபட்டு நகர்ந்தால் கூரை மங்கிவிடும். லென்ஸின் துளை எஃப்/8 முதல் எஃப்/11. அதைவிட அகலமாகத் திறந்தால் வட்டத்தின் ஓரம் கூர்மை இழக்கும். மங்கலான நாளில் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100, எஃப்/8-இல் 2 நொடி என்று தொடங்கலாம். 1578-இல் புராட்டஸ்டன்ட் சீர்திருத்த சபையின் கைக்குப் போன இந்தத் தேவாலயத்தின் வெள்ளைச் சுவர்கள் ஒளியைத் திருப்பித் திருப்பி அனுப்புவதால் நிழல்கள் மென்மையாக இருக்கும். சன்னல்கள் மட்டும் வெளுக்கும். 8, 2, 1/2, 1/8, 1/30 நொடி என ஐந்து படங்கள் எடுத்துச் சேர்த்தால் அவையும் அடங்கும். முழு ஷிப்டில் மேல் மூலைகள் இருளும். அச்சிலிருந்து விலகும் கோணத்தின் கொசைன் நான்காம் அடுக்கில் ஒளி குறைவதே காரணம்.

மென்பொருளில் நிமிர்த்தினால் ஆகாதா? ஆகும், விலை உண்டு. இதே 51 டிகிரிப் பார்வையைக் கேமராவை 14 டிகிரி அண்ணாத்தி எடுத்துப் பிறகு நேராக்கினால், மேல் விளிம்பில் ஒரு பிக்சல் இரண்டு பிக்சல் பரப்பை நிரப்ப வேண்டியிருக்கும். கீழ் மூலைகளில் வெற்றிடம் வருவதால் பக்கவாட்டில் வெட்டவும் நேரும். வாசகர் தம் படத்தை அப்படிச் சரிசெய்யலாம். அடுத்த முறை இருபுறமும் நிறைய இடம் விட்டு எடுக்கட்டும். முழுதாக நிமிர்த்தவும் வேண்டாம். இவ்வளவு உயரத்தைத் துளியும் சாயாமல் காட்டினால், மேலே விரிவதுபோலக் கண்ணுக்குத் தோன்றும். ஒரு சிறு சாய்வை மிச்சம் வையுங்கள்.