முன்னால் ஓடும் ரயிலில் பின்னால் போகும் இரும்பு

கொழிஞ்சாம்பாறையில் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: “உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் புள்ளி நிற்கிறது என்று சார் சொன்னார். வாளையார் ரோட்டில் லாரி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. டயரின் அடி மட்டும் எப்படி நிற்கும்?”

சார் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

டயரின் விளிம்பில் உள்ள எந்தப் புள்ளிக்கும் இரண்டு திசைவேகங்கள் உண்டு. வண்டியோடு சேர்ந்து முன்னால் போவது ஒன்று: 60. அச்சைச் சுற்றிச் சுழல்வது இன்னொன்று. வழுக்காமல் உருளும் சக்கரம் ஒரு சுற்றுக்குத் தன் சுற்றளவு தூரம்தான் நகரும் என்பதால், சுழற்சியால் விளிம்புக்குக் கிடைக்கும் வேகமும் அதே 60தான். திசையையும் கணக்கில் எடுத்துக் கூட்டும் வெக்டர் கூட்டல் தெரியும்தானே? உச்சியில் இரண்டும் ஒரே திசை, ஆக 120. அச்சின் உயரத்தில், முன்பக்கம், ஒன்று முன்னால், ஒன்று கீழே. கூட்டினால் சாய்வாக 85. அடியில் ஒன்று முன்னால், மற்றது பின்னால். மிச்சம் பூஜ்யம்.

சான்று ஊரிலேயே இருக்கிறது. மழை விட்ட மறுநாள் கரிசல் காட்டில் டிராக்டர் போன தடத்தைக் குனிந்து பாருங்கள். டயரின் ஒவ்வொரு மேடும் முனை மழுங்காமல் அப்படியே பதிந்திருக்கும். அடிப்புள்ளி மண்ணில் இழுபட்டிருந்தால் ஓரம் கலைந்து போயிருக்கும். சேற்றில் சிக்கிச் சக்கரம் சும்மா சுற்றிய இடத்தில் அதுதான் நடக்கிறது: அச்சு நிற்கிறது, அடி பின்னால் ஓடுகிறது, தடம் முழுக்க வழிந்து கிடக்கிறது.

‘நிற்கிறது’ என்றால் ஒரு கணத்துக்குத்தான். டயரில் ஓர் இடத்தில் சுண்ணாம்பால் பொட்டு வைத்துக் கவனித்தால், தரையை நெருங்கும்போது அது கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்கும். தொட்ட உடனே செங்குத்தாகக் கிளம்பும், உரலில் உலக்கை விழுந்து எழுவது போல. அந்தப் பொட்டு காற்றில் வரையும் வளைகோட்டுக்கு சைக்ளாய்டு என்று பெயர். தொடும் கணத்தில் வேகம்தான் பூஜ்யம், முடுக்கம் பூஜ்யம் இல்லை. அரை மீட்டர் ஆரமுள்ள லாரிச் சக்கரத்துக்கு, வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்துப் பாருங்கள். புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 50 மடங்குக்கு மேல் வரும்.

இப்போது ரயிலுக்கு வருவோம். எனக்கு இயற்பியலில் மிகப் பிடித்த இடம் இதுதான். ரயில் சக்கரம் தண்டவாளத்தின் மேல் உருள்கிறது. ஆனால் சக்கரத்தின் உள்பக்கம் ஒரு விளிம்பு கூடுதலாக நீண்டு, தண்டவாளத்தின் மேல்மட்டத்துக்கும் கீழே இறங்கியிருக்கும். வண்டி தடம் விலகாமல் காப்பது அந்த விளிம்பு, பிளாஞ்ச் என்பார்கள். தண்டவாளத்தைத் தொடும் புள்ளியில் வேகம் பூஜ்யம் என்றால், அதற்கும் கீழே தொங்கும் இரும்புக்கு என்ன வேகம்? அச்சிலிருந்து அது இன்னும் தள்ளியிருக்கிறது, அதனால் சுழற்சி வேகம் வண்டியின் வேகத்தை மிஞ்சிவிடுகிறது. எனவே அது பின்னால் போகிறது!

கணக்கும் சுலபம். புதிய பெட்டிச் சக்கரத்தின் விட்டம் 915 மில்லிமீட்டர், ஆரம் ஏறக்குறைய 457. பிளாஞ்ச் சுமார் 28 மில்லிமீட்டர் கீழே இறங்குகிறது. 28ஐ 457ஆல் வகுத்தால் ஆறு சதவீதம். வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் கோயம்புத்தூர் நோக்கிப் போகும்போது, பிளாஞ்சின் அடிமுனை மணிக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் வேகத்தில் பாலக்காடு பக்கம் போகிறது. நாம் நடக்கும் வேகம் அது. ஒவ்வொரு சக்கரத்திலும், வண்டி ஓடும் ஒவ்வொரு கணமும், கொஞ்சம் இரும்பு வந்த வழியே திரும்பிக்கொண்டிருக்கிறது. அதன் பாதையை வரைந்தால், சைக்ளாய்டில் கூர்முனை வரும் இடத்தில் இங்கே ஒரு சின்னக் கண்ணி விழும்.

சரி, அடிப்புள்ளி நிற்பதால் நமக்கு என்ன? பிரேக் பிடிப்பதே அதை நம்பித்தான். ஒன்றின்மேல் ஒன்று வழுக்காத பரப்புகளுக்கிடையே இருப்பது ஓய்வுநிலை உராய்வு. வழுக்கத் தொடங்கிவிட்டால் இயக்க உராய்வு, அது பொதுவாகக் குறைவு. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்க, வண்டிகளில் உள்ள ஏபிஎஸ் என்னும் அமைப்பு பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிப்பது இதனால்தான். ரயிலில் நிலைமை இன்னும் கடினம். இரும்பின்மேல் இரும்புக்குப் பிடிப்பு, ரோட்டின்மேல் ரப்பருக்கு இருப்பதில் பாதிகூட இல்லை. ஈரமானால் இன்னும் குறையும். இன்ஜினில் மணல் பெட்டி வைத்து, சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தில் மணலைத் தூவுவது இதற்காகத்தான்.

அதனால்தான் வாளையார் காட்டில் யானையைக் கண்ட பிறகு அவசர பிரேக் போட்டும் பல நேரம் பயனில்லை. நல்ல வேகத்தில் வரும் வண்டி நிற்க நூற்றுக்கணக்கான மீட்டர் வேண்டும். இரவில் விளக்கு வெளிச்சம் வளைவைத் தாண்டாது. 2021 நவம்பரில் நவக்கரை அருகே மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்தன. ‘விதி’ என்று சொல்லிக் கடந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. இது உராய்வுக் கெழுவும் (பிடிப்பின் அளவு) தூரமும் சேர்ந்த கணக்கு, இதற்கு விடை உண்டு. 2024இல் மதுக்கரையில் தமிழக வனத்துறை செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களை வைத்தது. யானை தண்டவாளத்தை நெருங்கும்போதே எச்சரிக்கை போகிறது. ஓட்டுநருக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே தெரிந்துவிட்டால் அவசர பிரேக்கே வேண்டாம், சாதாரண பிரேக் போதும். இந்த மாதிரி ஆராய்ச்சிக்குத்தான் தமிழக, கேரள அரசுகள் இரண்டும் ரயில்வேயும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. காடு மாநில எல்லைக்கோட்டோடு முடிவதில்லை, கேரளத்தின் கஞ்சிக்கோடு வரை போகிறது.