கோல்: பிரெஞ்சுச் சொல்லும் நம் மலையோர ‘மெட்டு’ம்

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் மலைக் கட்டம் (ஒரு நாள் ஓட்டம்) ஒன்றைப் பற்றி முன்கூட்டியே எழுதுகிறவர்கள், அன்றைய பாதையில் எத்தனை ‘கோல்’கள் வருகின்றன, கடைசிக் கோலிலிருந்து முடிவுக் கோடு எவ்வளவு தூரம் என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். இச்சொல்லை அப்படியே தமிழில் எழுதினால், கால்பந்து பார்த்து வளர்ந்த நம் தேனி, இடுக்கி எல்லைப்புறத்துப் பிள்ளைகளுக்கு வலைக்குள் விழுந்த பந்துதான் நினைவுக்கு வரும். மற்றவர்களுக்குக் கையில் பிடிக்கும் கோல். ஆகவே இதற்குத் தமிழ்ச் சொல் தேவைப்படுகிறது.

மலைத்தொடரின் முகட்டில், இரண்டு சிகரங்களுக்கு நடுவே தாழ்ந்து கிடக்கும் இடத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் கோல் என்கிறார்கள். முகட்டில் தாழ்ந்த புள்ளியான அதுவே, ஒரு பள்ளத்தாக்கிலிருந்து ஏறி மறு பள்ளத்தாக்கில் இறங்கும் சாலைக்கு மிக உயர்ந்த புள்ளி. கழுத்து என்று பொருள்படும் ‘கொல்லும்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து இது வந்தது. சட்டைக் காலர் என்று நாம் சொல்லும் காலரும் அதே வேரில் பிறந்ததே. ஸ்பெயின் நாட்டுப் பந்தயத்தில் இதே இடத்தைப் ‘புவெர்த்தோ’ என்பார்கள். துறைமுகத்துக்கும் அதே சொல்தான், கடந்துபோகும் வழி என்பது அதன் அடிப்படைப் பொருள்.

டூர் டி பிரான்ஸில் இச்சொல்லுக்குக் கனம் சேர்ந்தது 1910-இல், பிரனீஸ் மலைத்தொடரின் உயர்ந்த கோல்கள் முதன்முறையாகப் பாதையில் சேர்க்கப்பட்டபோது. 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலேயை அன்று முதலில் கடந்தவர் ஒக்தாவ் லாபீஸ். மறு ஆண்டே ஆல்ப்ஸில் 2,642 மீட்டர் உயரத்திலுள்ள கலிபியேயும் சேர்ந்தது. 1933 முதல் கோலின் உச்சியை முதலில் கடப்பவர்களுக்குத் தனிப் புள்ளிகள் கணக்கிடப்படுகின்றன. அந்தக் கணக்கில் முன்னிற்பவர் அணியும் சிவப்புப் பொட்டிட்ட வெள்ளைச் சட்டை 1975-இல் வந்தது.

இதற்குத் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘கணவாய்’ என்று போடுகிறார்கள். நல்ல பழஞ்சொல்தான். கோயம்புத்தூரிலிருந்து ஆனைகட்டிக்குப் போகும் வழியிலுள்ள கணுவாய் என்னும் ஊர்ப்பெயரும், மலைவழியைக் ‘கனும’ என்னும் தெலுங்கும் இதற்கு உறவு என்றே தோன்றுகிறது. ஆனால் நமக்குத் தெரிந்த மிகப் பெரிய கணவாய் பாலக்காட்டுக் கணவாய். அது மலைத்தொடரே விட்டுக்கொடுத்த அகன்ற இடைவெளி. ரயிலும் பேருந்தும் ஏற்றம் என்று சொல்லும்படி எதையும் ஏறாமல் அதன் வழியே கேரளத்துக்குள் போய்விடுகின்றன. வீரர்கள் 15, 20 கிலோமீட்டர் மிதித்து ஏறும் இடத்துக்கு இச்சொல்லைப் போட்டால், படிப்பவர் மனத்தில் அந்த ஏற்றம் எழாது.

மலையாளத்தில் ‘சுரம்’ என்கிறார்கள். வயநாட்டுக்கு ஏறும் தாமரசேரிச் சுரம் பலரும் அறிந்தது. நமக்கும் இது அந்நியச் சொல் இல்லை, சங்கப் பாடல்களின் பாலைத் திணையில் தலைவன் பிரிந்து செல்லும் கடுமையான வழி சுரம்தான். இருந்தாலும் இன்றைய தமிழ்க் காதில் சுரம் என்றால் காய்ச்சல். தவிர, மலையாளச் சுரம் அடிவாரம் தொடங்கி உச்சிவரை உள்ள பாதை முழுவதையும் குறிக்கிறது. கோல் என்பதோ அந்தப் பாதையின் தலைப்புள்ளி.

தேனி, இடுக்கி எல்லையில் இருக்கிற எங்களுக்கு இந்தத் தலைப்புள்ளிக்குச் சொல் தேட வேண்டியதில்லை. அது மெட்டு. போடிமெட்டு, கம்பம்மெட்டு, தேவாரம்மெட்டு என்று, கீழே சமவெளியில் இருக்கும் ஊரின் பெயரோடு மெட்டைச் சேர்த்து வழங்குகிறோம். விடிகாலையில் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பைப் பற்றி ‘மெட்டு ஏறிட்டாங்களா?’ என்று கேட்டால், மலையடியில் இருக்கும் முந்தல் என்னும் ஊரைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் பதினேழும் முடிந்து, சோதனைச் சாவடிப் பக்கம் குளிர்காற்று முகத்தில் அடிக்கும் இடத்துக்கு வந்தாயிற்றா என்று பொருள். பின்னால் போடிச் சமவெளி வெயிலில் வெளிறிக் கிடக்கும். முன்னால் பூப்பாறை பக்கம் ஏலக்காட்டு நிழல் தொடங்கிவிடும். ஏற்றம் தீர்ந்து மறுபக்கம் திறக்கும் இடம் என்னும் கோலின் பொருள் முழுவதும் இச்சொல்லில் அடங்கியிருக்கிறது.

மேடு என்பதன் உறவுச் சொல்லே மெட்டு. தெலுங்கில் உயர்ந்த நிலத்தை ‘மெட்ட’ என்பார்கள். பாட்டின் மெட்டோடு குழம்பிவிடாதா என்று சிலர் கேட்கலாம். போடிமெட்டு என்று கேட்டு யாரும் பாட்டை நினைத்ததில்லை. ஊர்ப்பெயரோடு சேர்ந்து வரும்போது ஐயத்துக்கே இடமில்லை. ஒரு வேறுபாட்டை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் மெட்டுகளுக்குக் கிழக்குப் பக்கம் செங்குத்து, மேற்கே உயர்ந்த மலைநிலம் விரிந்து கிடப்பதால் இறக்கம் மெதுவானது. தூர்மலே போன்ற கோல்களோ இருபுறமும் ஒரே அளவுக்குச் சரியும். ஆனாலும் கடக்கும் உச்சி என்னும் பொருள் இரண்டுக்கும் ஒன்றே.

முன்னோட்டம் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, எல்லா ஏற்றமும் மெட்டு ஆகாது என்பது. 21 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பேர்போன ஆல்ப் துயெஸ் ஏற்றம் பனிச்சறுக்கு ஊர் ஒன்றில் போய் முடிகிறது. அங்கே கட்டம் முடியும் நாளில் அதை ‘உச்சி முடிவு’ என்று எழுதலாம். உச்சி முடிவில் ஏறும் வலுதான் முடிவு செய்யும். மெட்டைத் தாண்டிய பிறகு இன்னும் தூரம் இருக்கிற நாளிலோ, ஏற்றத்தில் சேர்த்த நொடிகளை இறக்கத்தில் இழக்க நேரலாம். வியர்வையில் நனைந்த உடம்பு இறக்கத்துக் காற்றில் விறைத்துப்போகும் என்பதால், மெட்டின் உச்சியில் பார்வையாளர்களிடம் செய்தித்தாள் வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொள்வது வீரர்களின் பழைய வழக்கம். 1913-இல் பிரெஞ்சு வீரர் ஓழேன் கிறிஸ்தோஃபுக்கு முன்சக்கரத்தைத் தாங்கும் கவை முறிந்ததும் தூர்மலே மெட்டின் இறக்கத்தில்தான். பிறர் உதவி பெறக் கூடாது என்ற விதியால், சைக்கிளைச் சுமந்து பல கிலோமீட்டர் நடந்து, கீழே செந்த் மரி த காம்பான் என்னும் ஊரின் கொல்லன் பட்டறையில் தம் கையாலேயே அதைப் பற்றவைத்தார். துருத்தி ஊதிய சிறுவனின் உதவிக்காக அவருக்குத் தண்டனை நேரமும் விதிக்கப்பட்டது.

ஏறும் பாதை முழுவதற்கும் ‘ஏற்றம்’, அதன் தலைக்கு ‘மெட்டு’, மறுபக்கத்துக்கு ‘இறக்கம்’ என்று மூன்றையும் பிரித்து வழங்கினால் முன்னோட்டம் தெளிவாக அமையும். ‘தூர்மலே ஏற்றம் 17 கிலோமீட்டர், மெட்டில் முதலில் வருபவருக்கு அதிகப் புள்ளிகள், முடிவுக் கோடு இறக்கத்தின் அடியில்’ என்று எழுதினால், பிரெஞ்சு தெரியாத பூப்பாறைக்காரருக்கும் அன்றைய பந்தயம் எங்கே முறுக்கேறும் என்பது விளங்கிவிடும்.