சர்வாதிகாரி, கொடுங்கோலன்: இரண்டும் ஒன்றா?

களுவாஞ்சிக்குடியில் ஒரு தேத்தண்ணிக் கடை. அரிசி விலை, பெற்றோல் விலை எல்லாம் பேசி ஓய்ந்த பிறகு யாராவது ஒருவர் சொல்லுவார்: “ஒரு சர்வாதிகாரி வந்தாத்தான் மனே இந்த நாடு சரிவரும்.” அவரிடமே “கொடுங்கோலன் வரட்டுமா?” என்று கேட்டால் முகத்தைச் சுளிப்பார்.

சர்வம், அதிகாரி இரண்டும் வடசொல். எல்லா அதிகாரமும் கையில் உள்ளவர், அவ்வளவுதான். அதைக் கொண்டு என்ன செய்தார் என்பது இந்தச் சொல்லில் இல்லை. ‘பாட்டாளி வர்க்கச் சர்வாதிகாரம்’ என்று இடதுசாரிகள் கூச்சப்படாமல் எழுதியதும் அதனால்தான்.

இது எந்தச் சொல்லின் மொழிபெயர்ப்போ, அந்த மூலம் ‘டிக்டேற்றர்’ என்ற இலத்தீன் சொல். பள்ளியில் சொல்வதெழுதுதலை ‘டிக்டேஷன்’ என்போமே, அதே வேர். ஒருவர் சொல்ல மற்றவர்கள் எழுத வேண்டும். உரோமில் இது சட்டப்படியான பதவி. ஆபத்துக் காலத்தில் கூடியது 6 மாதம். கி.மு. 458 இல் சின்சினாட்டஸ் என்பவர் போரை வென்றதும் பதவியை விட்டு வயலுக்கே திரும்பினார் என்பது மரபுக் கதை. கி.மு. 44 இல் சீசர் அதை ஆயுட்காலப் பதவியாக்கிக்கொண்டார்; அந்த மார்ச்சிலேயே குத்திக் கொன்றார்கள்.

கொடுங்கோலன் அப்படியல்ல. கொடு என்றால் வளைவு, கொடுவாளை நினைத்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்தது செங்கோல், வளைந்தது கொடுங்கோல். தீர்ப்பு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கோலோடு நின்று குடிகளிடம் பொருள் கேட்கும் அரசனை, வேலோடு வழிமறிக்கும் கள்வனுக்கு ஒப்பிடுகிறது குறள் (552). எங்களுக்கு இது ஏட்டுச் செய்தி மட்டுமல்ல. வைகாசியில் தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் கண்ணகை அம்மன் கோயில்களில் வழக்குரை படிக்கும்போது பாண்டியனின் கோல் ஆண்டுதோறும் வளைகிறது. ஒரேயொரு பிழைத் தீர்ப்பு. அதற்கே அவன் உயிரை விட்டு நிமிர்த்தினான் என்கிறது சிலம்பு.

இந்த இடத்தில்தான் வரலாறு பற்றிய குழப்பமும் வருகிறது. 1938 இன் ‘ஆண்டின் மனிதர்’ என்று டைம் சஞ்சிகை ஹிட்லரைத் தெரிந்தது. 1939 இலும் 1942 இலும் ஸ்டாலினை. அதைப் பரிசு என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. டைம் பார்த்தது தாக்கத்தின் அளவை. 1978 சூறாவளியின் தாக்கமும் பெரிதுதான். மட்டக்களப்பில் வயதைக்கூட அதை வைத்துச் சொல்வோம். அதற்காக யாரும் அந்தக் காற்றை ‘மாபெரும்’ என்று புகழ்வதில்லை. தாக்கம் வேறு, பெருமை வேறு.

சர்வாதிகாரிக்குத் தமிழ் வல்லாட்சியர், சர்வாதிகாரம் வல்லாட்சி. கொடுங்கோலன் என்பதை அதற்கு ஈடாகப் போடுவது பிழை என்பேன். பாண்டியன் கொடுங்கோலனானான், வல்லாட்சியன் அல்லன். சின்சினாட்டஸ் நேர்மாறு. ஹிட்லருக்கும் ஸ்டாலினுக்கும் கம்போடியாவின் போல் பொட்டுக்கும் இரண்டு சொல்லும் வேண்டும்.

“வல்லாட்சியர் வந்தாத்தான் மனே” என்று தேத்தண்ணிக் கடையில் யாரும் சொல்லி நான் இன்னும் கேட்கவில்லை.