டிடிபி: கிராபிக்ஸ் கார்டின் 'பவர்' தமிழில் என்ன?

விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு ஒன்றின் விவரப் பட்டியலைப் பார்த்தால் டிடிபி என்று போட்டு எதிரே 450 வாட், 575 வாட் என்று ஓர் எண் இருக்கும். அதைத் தமிழில் எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் 'வெப்ப வடிவமைப்புத் திறன்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். ஆங்கிலம் தெரியாத ஒருவர் அதைப் படித்தால் வெப்பத்தை வடிவமைக்கும் திறமை ஏதோ இந்தக் கார்டுக்கு இருக்கிறது என்றுதான் நினைப்பார். வாங்கப் போகிறவருக்கு மிகவும் தேவையான எண்ணே புரியாமல் போய்விடுகிறது.

டிடிபி என்பது தெர்மல் டிசைன் பவர் என்பதன் சுருக்கம். கடைசி எழுத்தை பாயிண்ட் என்று விரிப்பவர்களும் உண்டு. இது மின்கட்டணம் கணக்குப் போடுவதற்காக வந்த சொல் இல்லை, சிப்பின் வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்க் என்ற உலோகப் பாகத்தைச் செய்கிறவருக்காக வந்த சொல். சிப் தொடர்ந்து கடுமையாக வேலை செய்யும்போது நொடிக்கு இவ்வளவு வெப்பம் வெளிவரும், அதை வெளியேற்றுகிற அளவுக்கு உன் கூலர் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். சிப்புக்குள் போகிற மின்சாரம் கடைசியில் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகத்தான் மாறுகிறது. அதனால் வெப்பத்துக்குச் சொன்ன எண்ணையே மின்சாரத்துக்கும் சொல்லிப் பழகிவிட்டார்கள். ஆனால் இரண்டும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. இன்டெல் நிறுவனம் 2021-இல் 12-ஆம் தலைமுறை பிராசசர்களோடு டிடிபி என்ற ஒற்றை எண்ணை விட்டுவிட்டு இரண்டு எண்கள் கொடுக்கத் தொடங்கியது. கோர் ஐ9 12900கே-வுக்கு அடிப்படை 125 வாட், உச்சம் 241 வாட். பழைய முறையில் 125 என்று மட்டும் பார்த்துவிட்டு வாங்கியவர் என்ன ஆகியிருப்பார்?

கார்டு செய்கிறவர்களும் இப்போது வேறு பெயர்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். என்விடியா டோட்டல் கிராபிக்ஸ் பவர் என்கிறது, ஏஎம்டி டோட்டல் போர்டு பவர் என்கிறது. சிப் மட்டுமில்லாமல் மெமரி, மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் பாகங்கள் எல்லாம் சேர்த்து கார்டு மொத்தமாக எவ்வளவு இழுக்கும் என்ற கணக்கு அது. நமக்கு வேண்டியதும் அதுதான். என்விடியா கார்டுகளையே பாருங்கள், 2017-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ 250 வாட்டில் ஓடியது, 2020-இல் ஆர்டிஎக்ஸ் 3090 350 வாட், 2022-இல் 4090 450 வாட், 2025-இல் 5090 575 வாட். கடைசியாகச் சொன்ன கார்டுக்கு 1000 வாட் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) போடச் சொல்லி என்விடியாவே பரிந்துரைக்கிறது.

சரி, தமிழுக்கு வருவோம். இயற்பியலில் பவர் என்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் திறன் என்றும், எனர்ஜி என்பதற்கு ஆற்றல் என்றும் எழுதுகின்றன. திறன் பழைய சொல். திறம் என்பதன் கடைப்போலி அது, அறம் அறன் ஆனது போல. வகை, கூறுபாடு, வல்லமை என்று அதற்குப் பல பொருள் இருந்தது. அந்த வல்லமை என்ற பொருள் இன்னும் உயிரோடு இருப்பதுதான் இங்கே சிக்கல். 'அதிகத் திறன் கொண்ட கிராபிக்ஸ் கார்டு' என்று எழுதினால் நன்றாக வேலை செய்யும் கார்டு என்று பொருளா, நிறைய வாட் இழுக்கும் கார்டு என்று பொருளா? பர்ஃபார்மன்ஸ் என்பதற்குச் செயல்திறன், எஃபிஷியன்சி என்பதற்குப் பயனுறுதிறன், பவர் என்பதற்கும் திறன் என்றால், மூன்றையும் ஒரே பத்தியில் ஒப்பிட வேண்டிய கார்டு விமர்சனத்தைத் தமிழில் எழுதவே முடியாது.

இலங்கைத் தமிழில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே பவர் வலு, எனர்ஜி சக்தி, எஃபிஷியன்சி வினைத்திறன். நாம் குதிரைத்திறன் என்பதை அவர்கள் குதிரைவலு என்பார்கள். மின்வலு என்ற சொல் அங்கே அமைச்சின் பெயரிலேயே இருந்திருக்கிறது. எனக்குக் கேட்டால் வலு என்பதே நல்ல சொல், தமிழ்நாட்டிலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் கார்டு விஷயத்தில் இதைவிடப் பொருத்தமான சொல்லை நம் செய்தித்தாள்கள் ஏற்கெனவே வைத்திருக்கின்றன. கோடைக்காலத்தில் 'மாநிலத்தின் மின்தேவை இத்தனை மெகாவாட்டைத் தொட்டது' என்று எழுதுகிறார்களே, அந்த மின்தேவைதான். யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, ஓடிக்கொண்டிருக்கும்போது எவ்வளவு வேண்டும் என்பது சட்டென்று புரிகிறது. 'ஆர்டிஎக்ஸ் 5090-இன் மின்தேவை 575 வாட்.' அவ்வளவுதான். டிடிபியை அதன் மூலப்பொருளிலேயே, கூலர் பற்றிப் பேசும்போது சொல்ல வேண்டியிருந்தால் வெப்பச்சுமை என்று சொல்லலாம்.

மின்நுகர்வு என்பது வேறு. ஓடிய நேரத்தையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு செலவானது என்பது அது, அதை யூனிட்டுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். சமையலறை மிக்ஸி 750 வாட், அதாவது இந்தக் கார்டைவிட அதிக மின்தேவை. ஆனால் அது ஓடுவது சில நிமிடம். கார்டோ தினமும் நாலு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 2.3 யூனிட், தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கணக்கில் கார்டு மட்டும் 138 யூனிட்.

கடைகளில் 'எவ்வளவு கரண்ட் இழுக்கும்?' என்று கேட்பார்கள். அது கொச்சை என்று சிலர் திருத்துகிறார்கள். ஆனால் கேள்வி சரியான இடத்தில்தான் நிற்கிறது. கரண்ட் என்றால் மின்னோட்டம், ஆம்பியர். 575 வாட்டை 12 வோல்ட்டில் கொடுக்க 48 ஆம்பியர் ஓட வேண்டும். கார்டைச் செருகும் மதர்போர்டு ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்தான் தரும், பெரும்பகுதி எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் கேபிளின் சின்ன 16 பின் கனெக்டர் வழியாகத்தான் போகிறது. அதில் 12 வோல்ட்டுக்கு இருப்பவை ஆறே பின்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 8 ஆம்பியர், தாங்கும் எல்லை 9 சொச்சம்தான். கனெக்டர் முழுதாக உள்ளே போய் உட்காராமல் ஒன்றிரண்டு பின்கள் சரியாகத் தொடாவிட்டால் மீதிப் பின்கள் அந்தச் சுமையையும் ஏற்கும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் அந்த இடத்தில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்கு. 2022-இல் 4090 வந்த சில வாரங்களிலேயே கனெக்டர் உருகிய படங்கள் வரத் தொடங்கின. 2023-இல் வடிவத்தைத் திருத்தி, ஒழுங்காகச் செருகப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் சின்ன பின்களைக் குட்டையாக்கினார்கள், முழுதாக உள்ளே போகாவிட்டால் கார்டு மின்சாரம் வாங்காமல் இருக்க.

இன்னொரு சொல்லும் வேண்டும். கார்டின் மின்தேவை சீராக 575-இல் நிற்பதில்லை, நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள் எகிறி இறங்கும். இதைக் கணநேர உச்சம் என்று சொல்லலாம். எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் 3.0 என்ற தரத்தில் வரும், இந்தக் கனெக்டர் உள்ள பெரிய எஸ்எம்பிஎஸ்கள் தங்கள் வாட் அளவைப் போல இரண்டு மடங்கை 100 மைக்ரோநொடி தாங்க வேண்டும் என்று விதி வைத்ததே இதற்காகத்தான். கேம் நடுவில் கம்ப்யூட்டர் சட்டென்று அணைந்துபோகிறது, வாட் கணக்கெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை.

எஸ்எம்பிஎஸ் பெட்டியில் போட்டிருக்கும் 1000 வாட் அது கொடுப்பது, சுவரிலிருந்து வாங்குவது இல்லை. அதனால் அதை வழங்குதிறன் என்று எழுதினால் குழப்பம் வராது, இலங்கையில் 'வழங்கும் வலு' என்று சொல்லிக்கொள்ளலாம். பயனுறுதிறன் 90 சதவீதம் என்றால் 1000 வாட் கொடுக்க 1111 வாட் வாங்கும். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் கட்டத்துக்குக் கீழே உள்ள ஆம்பியரை 12-ஆல் பெருக்கிப் பாருங்கள், கார்டுக்கும் பிராசசருக்கும் உண்மையில் கிடைப்பது அந்த எண்தான்.