ஆரஞ்சுச் சுளை ஏன் சிவக்கிறது?

சுளையெல்லாம் ரத்தச் சிவப்பாக இருக்கும் ஓர் ஆரஞ்சின் படத்தை அனுப்பி, "இது சாய ஊசி போட்ட பழம்தானே?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. அது 'பிளட் ஆரஞ்சு'. இத்தாலியின் சிசிலித் தீவில், எட்னா எரிமலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் விளைவது. நாவல்பழம் தின்றால் நாக்கில் ஒட்டுகிறதே, அந்த ஆந்தோசயனின் வகை நிறமிதான் இதிலும்.

சுளை நன்றாகச் சிவக்க இரவுக் குளிர் வேண்டும். அதே ரகத்தை பிரேசிலின் வெப்பத்தில் வளர்த்தால் வெளிறிப்போகிறது. குளிருக்கும் நிறத்துக்கும் என்ன தொடர்பு?

வேர், இலை, கனி எல்லாவற்றிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. எந்த மரபணு எங்கே, எப்போது வேலை செய்யும் என்பது பெரும்பாலும் அதன் முன்னால் உள்ள 'புரமோட்டர்' என்ற டி.என்.ஏ. எழுத்து வரிசையைப் பொறுத்தது. உரிய புரதங்கள் அங்கே வந்து ஒட்டினால் மரபணு படிக்கப்படும்; இல்லையேல் உறங்கும். ஆரஞ்சில் 'ரூபி' என்றொரு மரபணு உண்டு. நிறமி மரபணுக்களை எழுப்பிவிடுவது அதன் வேலை. சாதாரண ஆரஞ்சின் சுளையில் ரூபியே உறங்குகிறது.

பிளட் ஆரஞ்சில் அதை எழுப்பியது எது என்பதை 2012-இல் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தில் கேத்தி மார்ட்டினின் குழு கண்டறிந்தது. டி.என்.ஏ.வில் தன்னையே நகலெடுத்து வேறிடத்தில் செருகிக்கொள்ளும் துண்டுகள் உண்டு. அப்படி ஒன்று என்றோ ஒருநாள் ரூபிக்குச் சற்று முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது. இந்தத் துண்டின் இரு முனைகளிலும் ஒரே எழுத்து வரிசை. அதற்குள்ளேயே ஒரு புரமோட்டர். இடது முனையில் இருப்பது துண்டைப் படிக்க வைக்கும். வலது முனையிலும் அதே வரிசை இருப்பதால், அங்கே தொடங்கும் வாசிப்பு துண்டைத் தாண்டி அடுத்த வீட்டு ரூபிக்குள் போய்விடுகிறது! அந்தப் புரமோட்டரைத் தட்டி எழுப்புவது குளிர். இரவு குளிர்ந்தால் ரூபி விழிக்கிறது, சுளை சிவக்கிறது. சீனாவின் ஜிங்ஷியான் ரகத்திலும் இதையொத்த துண்டுதான், ஆனால் திசை மாறி, தனியாக நடந்த இன்னொரு செருகலாக. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

தாவும் துண்டுகளை 1940-களில் மக்காச்சோளத்தில் முதலில் கண்டவர் பார்பரா மெக்ளின்டாக். நோபல் பரிசு 1983-இல்தான் வந்தது. சோள மணிகளின் புள்ளிகளை ஆராய்வதால் என்ன லாபம் என்று கேட்டு நிதியை நிறுத்தியிருந்தால், ரூபியின் கதையும் நமக்குத் தெரிந்திருக்காது. அடிப்படை ஆய்வுக்கு நம் நாடு ஒதுக்கும் பணம் போதாது என்பது என் உறுதியான கருத்து.

பழத்தைப் பறித்த பிறகும் சில வாரங்கள் குளிரறையில் வைத்தால் சிவப்பு கூடும். ஊசி தேவையே இல்லை.